நிலவும் முதலையும்

காதற் பாட்டுக்குப் பொருள் உண்டா, இல்லையா? இஃது ஓய்வு வேளையில் ஊர்க்கதை பேசுவோர்க்கு உரிய கேள்வியன்று. அண்மையில் ஈப்போ நகரில் நடந்த ஒரு திருமண விருந்தில் இக்கேள்வி எழுந்து, ஒரு மேசையிலிருந்த பத்துப் பேரையும் இரு கட்சியாகப் பிரித்துவிட்டது.

வாத்தியக் குழுவினர் 'புளூ மூன்' என்னும் பழைய ஜாஸ் பாட்டை வாசித்தனர். இளைஞர் ஒருவர் அதனை ஆங்கிலத்திற் பாடினார். மணமக்கள் கைகோத்து நின்றனர். என் பக்கத்திலிருந்த பெரியவர், முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி முதுகு வளைந்தவர், "சபையில் பாடுகிற பாட்டா இது? பிள்ளைகள் கெட்டுப்போவது இதனால்தான்" என்று சினந்தார். எதிரே இருந்த என் நண்பர், ஆங்கிலம் கற்றவர், "ஐயா, இதில் கெடுவதற்கு ஒன்றுமில்லை. சொல்லைப் பார்க்காதீர்கள், இராகத்தை மட்டும் கேளுங்கள்" என்றார். பெரியவர் என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்கள் இங்கிலீஷ் படித்த கிராணி. இந்தப் பாட்டு என்னதான் சொல்லுகிறது?" என்று வினவினார். "நிலவைப் பற்றியது, ஐயா" என்றேன். "நிலவைப் பற்றி என்ன?" என்றார். என் வாய் அடைத்துப்போயிற்று. பதினைந்து ஆண்டுகளாக முணுமுணுத்து வந்த பாட்டு. பொருள் கேட்டால் விடையில்லை! அன்று நான் தரவேண்டியிருந்த விடையைத்தான் இக்கட்டுரையாக எழுதுகிறேன்.

முதலில் இரு கட்சியாரின் பிழையையும் எடுத்துக்காட்டுவோம். காதற் பாட்டு ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்போர் அதனைக் கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு தீர்ப்பு வழங்குகின்றனர். பொருளே இல்லை, இராகமே உண்டு என்போரும் கேட்கவில்லை. காதைத் திறந்து வைத்து அறிவைப் பொத்திக்கொள்கின்றனர். முன்னவர் அறியாமையால் தவறுகின்றனர். பின்னவரோ, அதாவது ஆங்கிலம் கற்ற எம்மனோர், அறியக்கூடியதை அறியாமல் விட்டுத் தவறுகின்றோம். இரண்டனுள் எது பெரிய குற்றம் என்பதை வாசகர்கள் சொல்லட்டும்.

'புளூ மூன்' பாட்டின் வரலாறு வியப்புக்குரியது. மெட்டு அமைத்தவர் ரிச்சர்டு ராட்ஜர்ஸ்; சொல் அமைத்தவர் லோரன்ஸ் ஹார்ட். இருவரும் அமெரிக்கர். இன்று நாம் கேட்கும் சொற்கள் அம்மெட்டுக்கு முதலில் எழுதப்பட்டவையல்ல. சினிமா நட்சத்திரமாக விரும்பும் ஒரு பெண்ணின் வேண்டுதலாகவே முதலில் எழுதினர். அது படத்தில் இடம்பெறவில்லை. பின்னர் 1934இல் வெளிவந்த 'மன்ஹாட்டன் மெலோடிராமா' என்னும் படத்திற்காகச் சொற்கள் மாற்றப்பட்டன. அப்படத்தில், இரவு விடுதி ஒன்றில், ஷெர்லி ராஸ் என்னும் நடிகை அதனைப் பாடினார். அப்போது அதன் தலைப்பு என்ன தெரியுமா? 'ஒவ்வோர் ஆண்மகனிடத்துமுள்ள தீமை' என்பது! தனியே வாழும் ஒரு பெண் ஆண்டவனை அழைத்து, நான் அன்பு செய்ய முன்வந்தாலும் எவனைப் பார்த்தாலும் அவனிடமுள்ள கேடே என் கண்ணிற் படுகிறதே என்று முறையிடும் பாட்டு அது.

மெட்டு நன்றாயிருந்தது, முறையீடு விலைபோகவில்லை. பாட்டு வெளியீட்டாளராகிய ஜேக் ராபின்ஸ் என்பார், சந்தையில் விற்கத்தக்க காதற் சொற்களை அதே மெட்டுக்கு எழுதித் தருமாறு கேட்டார். ஹார்ட் எழுதிக் கொடுத்தார். நிலவு வந்தது. தனித்து நின்றவர் நிலவை நோக்கி ஏங்க, அன்புக்குரியவர் எதிரே தோன்ற, நிலவு பொன்னிறம் பெற்றுவிடுகிறது. ஆங்கிலத்தில் நீலம் துயரத்தின் நிறம். ஆதலால் நீல நிலவு துயர நிலவு. அத்துயரம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் பாட்டு சொல்லாது. சொல்லியிருந்த வரிகளைத்தான் எடுத்துவிட்டார்களே! பில்லி ஹாலிடே 1952இலும், எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1956இலும் இதனைப் பாடிப் பதிவு செய்தனர். உலகம் முழுவதும் பரவிற்று. அந்தப் பெண்ணின் முறையீட்டை இன்று யார் நினைக்கிறார்கள்?

நிற்க. இஃது அமெரிக்கர் கதை, நமக்கென்ன என்று சொல்லவேண்டா. நம் பேராக் மாநிலத்துக்கும் ஒரு நிலவு உண்டு. அதற்கும் இதே கதி நேர்ந்தது.

1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய ரெசிடெண்டு பர்ச் கொல்லப்பட்டார். அதனை ஒட்டி, பேராக் சுல்தான் அப்துல்லா 1877இல் இந்துமாக் கடலிலுள்ள செய்செல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். அத்தீவுகளில் 'லா ரோசாலி' என்னும் பிரெஞ்சு மெட்டொன்று மக்கள் வாயில் வழங்கியது. அம்மெட்டே பேராக் மாநிலத்தின் அரச கீதமாயிற்று. அரச குடும்பத்தார் இலண்டன் சென்றபோது, உங்கள் நாட்டுக் கீதம் யாது என்று கேட்கப்பட, உடன் சென்றவர் இம்மெட்டை முணுமுணுத்துக் காட்டினார் என்று ஒரு கதையும் வழங்கி வருகிறது. கதை எவ்வாறாயினும், அரண்மனையில் ஒலித்த அதே மெட்டு நாடக மேடைக்கும் நடன மண்டபத்துக்கும் சென்று, 'தெராங் புலான்' என்னும் மலாய்க் காதற் பாட்டாகத் தீவுக்குத் தீவு பரவிற்று. தெராங் புலான் என்றால் ஒளிமிக்க நிலவு.

அந்தப் பாட்டின் பொருள் யாது? நிலவென்றுதான் தொடங்குகிறது. ஆற்றுநீரில் அதன் ஒளி விழுகிறது. ஆனால் அதே ஆற்றில் முதலை ஒன்றும் இருக்கிறது! செத்தது போல மிதக்கும் முதலை. அதனை முன்னே நிறுத்திப் பாட்டு பெண்களுக்குச் சொல்லும் செய்தி ஒன்றே: ஆண்கள் செய்யும் ஆணையை நம்பாதீர், வாய் துணியும், மனம் அஞ்சும் என்பதே அது. மலாய் மொழியில் பெண்களை ஏமாற்றுவோனுக்கு இன்றும் முதலை என்றே பெயர். எனவே 'தெராங் புலான்' மயக்கும் பாட்டன்று; எச்சரிக்கும் பாட்டு. நிலவு தூண்டிலில் வைத்த இரை. முதலையே பாட்டின் கரு.

1937இல் டச்சு இந்தியாவில், இன்றைய இந்தோனேசியாவில், 'தெராங் புலான்' என்னும் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. ஆல்பர்ட் பாலிங்க் இயக்க, ருக்கியாவும் ராடன் மொக்தாரும் நடித்தனர். கெட்ட நடத்தையுள்ள ஒருவனுக்குத் தந்தை மணமுடிக்க முயல, அதற்கு உடன்படாத பெண் தன் காதலனோடு வெளியேறும் கதை அது. படம் மலாயாவிலும் ஓடிப் பெருவெற்றி கண்டது. நிலவொளியின் கீழே பெண்ணின் வாழ்வு எப்படி விலைபேசப்படுகிறது என்பதை அக்காலத்து மக்கள் அறியாமலில்லை.

பின்னர் அம்மெட்டு இங்கிலாந்துக்குப் போயிற்று. ஃபீலிக்ஸ் மெண்டல்சன் என்பாரின் ஹவாய் இசைக்குழுவினர் 1947இல் 'மாமுலா மூன்' என்று அதனை இசைத்தட்டாக வெளியிட்டனர். கிதார் குழைந்தது, தென்னை அசைந்தது, நிலவு காய்ந்தது. முதலை மட்டும் கப்பலேறவில்லை!

அமெரிக்காவில் ஒரு பெண்ணின் முறையீடு அழிக்கப்பட்டு நிலவு வைக்கப்பட்டது. பேராக்கிலிருந்து சென்ற மெட்டில் நிலவு வைத்துக்கொள்ளப்பட்டு முதலை அழிக்கப்பட்டது. இரண்டு ஊர், இரண்டு மொழி, ஒரே வியாபாரம். காதற் பாட்டைக் கெடுத்தது காதலன்று. கசப்பை வடித்துவிட்டுச் சருக்கரையை மட்டும் விற்கும் கடைக்காரத்தனமே.

நம் மெட்டின் பிற்கால வரலாறு யாவரும் அறிந்தது. விடுதலைக்கு முன்னர் நாட்டுக்குக் கீதம் தேடி உலகப் போட்டி நடத்தினர். 514 மெட்டுகள் வந்தும் ஒன்றும் ஒப்பவில்லை. பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன் போன்ற பெரும் இசைவாணர்களை அழைத்து அமைக்கச் செய்தும் மனம் நிறையவில்லை. இறுதியில் துங்கு அப்துல் ரகுமான் தலைமையிலான குழு பேராக் மெட்டையே தெரிந்தெடுத்தது. 1957 ஆகஸ்டு 5ஆம் நாள் 'நெகாராகூ' ஏற்கப்பட்டது. அதன்பின் அம்மெட்டை நடனத்துக்கும் களியாட்டுக்கும் வாசிக்கக்கூடாது என்று விலக்கினர். நாடு எழுந்து நின்று வணங்கும் மெட்டு கூத்துக்கு உதவலாகாது என்பது நியாயமே. அதனை யாம் மறுக்கவில்லை. பாட்டு ஓய்ந்ததோடு, நிலவைக் காட்டி முதலையை நினைவூட்டிய அந்த எச்சரிக்கையும் நம் காதுக்கு எட்டாமற் போயிற்று என்பதையே சொல்லுகிறோம்.

இனி, காதற் பாட்டு நம் மரபுக்கு அடாது என்னும் பெரியவருக்கு விடை கூறுவோம். ஐயா, நம் முன்னோர் தொகுத்து வைத்த சங்க நூல்களில் பெரும்பகுதி காதற் பாட்டே. அவர்கள் நிலவை மட்டும் பாடிவிட்டுப் போனவர்களல்லர்; முதலையையும் அறிந்தவர்கள். குறுந்தொகையின் 25ஆம் பாட்டைக் கபிலர் பாடினார். தலைவி தோழியிடம் பேசுகிறாள். தன்னைக் கூடியவனைக் கள்வன் என்றே குறிக்கிறாள். அவன் சொன்ன சொல்லை மறுத்தால் தான் என் செய்வது என்று கலங்குகிறாள். அன்று அங்கே மனிதர் எவரும் இலர். ஓடுநீரில் மீனுக்காகக் காத்து நின்ற குருகு ஒன்றே இருந்தது. அக்குருகின் கண் மீன்மேல் இருந்ததேயன்றிப் பெண்மேல் இல்லை! இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தமிழச்சிக்கும் அச்சம் ஒன்றே: சொன்னவன் மறுத்தால் சாட்சி எங்கே?

அகநானூறு 256ஆம் பாட்டு அதற்கு ஒரு விடையும் தருகிறது. கள்ளூர் என்னும் ஊரில் ஒருவன் ஒரு பெண்ணைக் கூடிவிட்டுப் பின் அவளை அறியேன் என்று பொய்யாணை செய்தான். ஊரவை சும்மா இருக்கவில்லை. சாட்சிகளை விசாரித்து உண்மை கண்டு, அவனை மரக்கிளையிற் பிணித்துத் தலையில் நீற்றைக் கொட்டியது. அவை ஆரவாரித்தது. தொல்காப்பியரும், பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணச் சடங்கு வகுக்கப்பட்டது என்று கூறிச் சென்றார். அஃதாவது, திருமணம் என்னும் முறையே ஆண்மகனின் பொய்யாணைக்கு எதிராக எழுந்த வேலி! இதனை உணராமல், காதல் வேறு, கட்டுப்பாடு வேறு என்று பேசுவது நம் நூல்களை நாமே படியாததன் விளைவு.

இவையெல்லாம் ஏட்டுக் கதை என்று தள்ளுவோர்க்கு எம் அலுவலகச் சன்னலில் கண்டதைச் சொல்லுகிறோம். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை நிமிர்ந்துவிட்ட ஒரு தோட்டத்தில் கணக்கெழுதுபவன் நான். ஒரு நாள் ஒரு பெண் பள்ளிக்கூடப் படிவத்தோடு வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. தந்தை பெயர் என்னும் இடத்தில் என் பேனா நின்றது. பிறப்புப் பத்திரத்தில் அவ்விடம் வெறுமையாக இருந்தது. "திருமணப் பதிவு எங்கே, அம்மா?" என்றேன். "பதியலைங்க, கிராணி ஐயா. கோயில்ல தாலி கட்டினாரு. கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணினாரு. வேற என்ன வேணும்னு இருந்துட்டேன்" என்றாள். அவன் தெற்கே வேலைக்குச் சென்று, அங்கே வேறொருத்தியைச் சட்டப்படி பதிந்து மணந்துகொண்டான். இவளை யாரென்று கேட்டால் தெரியாது என்கிறானாம்.

கள்ளூர்க் கள்வன் நம் தோட்டத்திலும் இருக்கிறான். ஆனால் கள்ளூர் அவை எங்கே? அந்தக் கோயில் வாசலில் இருநூறு பேர் விருந்துண்டனர். ஒருவர்கூட, பதிவாகிவிட்டதா என்று கேட்கவில்லை. கபிலர் கண்ட குருகு மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாம் வாழையிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாட்சிக்கு வந்த நாம் எல்லோரும் குருகுகளே!

சட்டம் இல்லாமலில்லை. முஸ்லிம் அல்லாதார்க்கான திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஒருவனுக்கு ஒருத்தியே என்று அது வரையறுத்தது. மணம் பதிவதிகாரி முன்னிலையில் நிறைவேறிப் பதியப்பட வேண்டும் என்றது. மனுச் செய்தபின் 21 நாள் அறிவிப்பும் வைத்தது. அந்த 21 நாள் எதற்கு? முன்பே மனைவி உள்ளவன் எவனாயினும் அவனை அறிந்தோர் வந்து தடுப்பதற்கே. கோயிலைச் சார்ந்தவர்களையே துணைப் பதிவதிகாரிகளாக நியமிக்கவும் சட்டம் இடம் தருகிறது. தாலி கட்டும் கோயிலிலேயே கையெழுத்தும் இடலாம். பதியாத மணத்திற் பிறந்த குழந்தையின் பத்திரத்திலோ, தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டாலன்றித் தந்தை பெயர் ஏறுவதில்லை. கற்பூரத்தை அணைத்த கை பத்திரத்தில் கையெழுத்திட வருமா? தாய் இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவளாயின் குழந்தையின் குடியுரிமையே கேள்விக்கு உள்ளாகிறது. தகப்பன் செய்த பொய்யாணைக்குப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் வட்டி கட்டுகிறது.

இதற்குச் சில ஆட்சேபணைகள் எழும். அன்புக்குக் காகிதம் எதற்கு என்பர் காதலர். அன்பு உள்ளவன் காகிதத்துக்கு அஞ்சுவானேன்? உண்மையாகவே நேசிப்பவனுக்குக் கையெழுத்து ஒரு நிமிட வேலை. ஏய்ப்பவனுக்குத்தான் அது முள். தெய்வ சாட்சியைவிடப் பதிவேடு பெரிதா என்பர் பக்தர். தெய்வத்தைப் பதிவதிகாரியின் முன் சாட்சி சொல்ல அழைத்து வர உங்களால் இயலுமாயின் யாம் இக்கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம். இவையெல்லாம் தோட்டத்து ஏழைகள் விவகாரம், நகரத்தில் இல்லை என்பர் படித்தவர். நகரத்து முதலைக்குக் கழுத்தில் டை கட்டியிருக்கும், வேறுபாடு அவ்வளவே. எல்லா ஆண்களையும் பழிக்கிறீர் என்பாரும் உளர். யாமும் ஆண்மகனே. நேர்மையுள்ளவனுக்கு இதில் இழப்பு யாது? அவன் பெயர் அவன் பிள்ளைக்குக் கிடைக்கிறது. அவன் சொல்லுக்கு எழுத்துத் துணை நிற்கிறது.

ஆங்கிலம் கற்ற கிராணிமாருக்கும் எழுத்தர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம் பாட்டை இறக்குமதி செய்தோம். பொருளைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டோம். அயல்மொழி நிலவை விருந்து மண்டபத்தில் தொங்கவிடத் தெரிந்த நமக்கு, சட்டப் படிவத்தில் உள்ளதைத் தோட்டத்துப் பெண்ணுக்குத் தமிழில் எடுத்துச் சொல்ல நேரமில்லை. படிப்பு பெற்றவன் செய்ய வேண்டிய மொழிபெயர்ப்பு அதுவன்றோ? நானே பல ஆண்டு இக்கடமையிற் தவறினேன். அந்தப் பெண் வந்து நின்ற பிறகுதான் விழித்தேன். அவளுக்கு அது காலங்கடந்த விழிப்பு.

ஆகவே பெரியவரே, பாட்டை நிறுத்த வேண்டா. பாடட்டும். நண்பரே, சொல்லை மறந்து இராகத்தை மட்டும் கேட்க வேண்டா; கேளுங்கள், பொருளோடு கேளுங்கள். கோயில் நிருவாகிகளே, பதிவுப் பத்திரத்தைக் கண்ட பின்னரே மண்டபத்தின் சாவியைக் கொடுங்கள். தாய்மாரே, மகளுக்கு நிலவைக் காட்டும்போது ஆற்றையும் காட்டுங்கள். விருந்துக்குச் செல்லும் அன்பர்களே, மொய் எழுதுமுன் மணமக்களின் பதிவு முடிந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பர், சுளிக்கட்டும்.

அடுத்த விருந்தில் அந்தப் பெரியவரைக் கண்டால் என்னிடம் விடை உண்டு. "ஐயா, அந்தப் பாட்டு ஒரு பெண்ணின் முறையீடு. அதன்மேல் நிலவைப் போட்டு மூடியிருக்கிறார்கள்" என்பேன்.